மிக்ஸி ஓடாத வீட்டுக்கு ஓர் அம்மி

டாஸ்மேனியாவில் எங்கள் வீட்டில் சட்னி அரைத்தால் விளக்கு அணைந்துவிடும். மலிவாகக் கிடைத்ததென்று ஊருக்கு வெளியே நிலம் வாங்கி வீடு கட்டினோம். அங்கே மின்கம்பி வராது. கூரையிலுள்ள சோலார் தகடுகள் விளக்கையும் சின்ன ஃபிரிட்ஜையும் தாங்கும், மிக்ஸியைத் தாங்காது. கையால் சுற்றி அரைக்கும் எந்திரம் தேடி நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, எப்போது என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டார். எந்திரம் எப்போது வேண்டுமென்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, வெள்ளிக்கிழமை என்றேன். அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. உலகம் அழியப்போகிறதென்று நம்பிச் சாமான் சேர்ப்பவர்களுக்கான கடை அது என்பது, அவர் ஒரு வாயு முகமூடியை எடுத்து நீட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. எந்திரத்தின் விலையோ ஊருக்குப் போகும் விமான டிக்கெட்டை நெருங்கியது. விடுமுறையும் வந்தது, ஊருக்கே கிளம்பிவிட்டேன்.

சாத்தூரில் இருக்கும் என் அக்கா பேச்சியம்மாள், அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் இலவச மிக்ஸி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று எல்லா வீட்டிலும் ஒரே இரைச்சல். அரைக்க ஒன்றும் இல்லாதவர்கள் தண்ணீரை ஊற்றி அரைத்துப் பார்த்தார்கள். அம்மிகள் அன்றே கொல்லைப்புறம் போயின.

விருதுநகர் பாத்திரக்கடைக்கு அக்காவும் கூட வந்தாள். கரண்டு இல்லாமல் அரைக்கிற சாமான் வேண்டுமென்று கேட்டதும், கடைக்காரர் தள்ளுபடி மிக்ஸி ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் வீட்டில் கரண்டே கிடையாது என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரும்பும் பஸ்ஸில் அக்கா என்னை நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு காதோரம் கேட்டாள்: “உண்மையச் சொல்லு செல்வி. ஒன் வீட்டுக்காரருக்கு வேல போயிருச்சா?”

இல்லை, நாங்களே விரும்பித்தான் அப்படி இருக்கிறோம் என்றேன். விரும்பி யாராவது கரண்டு இல்லாமல் இருப்பார்களா என்று அவள் நம்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வேன் வாசலில் நின்றது. அக்காவோடு இறங்கிய பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று: திரி ஸ்டவ், மத்து, தேங்காய் துருவி, இடியாப்பக் கட்டை. இருவர் சேர்ந்து ஒரு சின்ன அம்மியையும் குழவியையும் தூக்கி வந்தார்கள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். “வெக்கப்படாதீக. கஷ்டம் எல்லாருக்கும் வாரதுதான்” என்றார் ஒரு பெரியம்மா. வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்குத் தெருவே சீர் செய்வதுபோல இருந்தது. அவர்கள் போனதும் அக்கா, வேலை முடிந்து வந்த கையோடு, எல்லாவற்றையும் பட்டாசு லோடு போகும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள்: “பேசாம வந்துரு. மேனேஜர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். சீசனுக்கு ஆள் எடுக்காக.”

அதற்கு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மதுரை விமான நிலையத்தில், வெடிமருந்து இருக்கிறதா என்று பெட்டியை ஒரு துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கருவியில் வைத்ததும் கருவி கத்தியது. போலீஸ் சூழ்ந்துகொண்டது. பெட்டிமேல் பட்டாசுப் படம். பிரித்தால் உள்ளே அம்மி. கல்லைக் கழுவினார்கள், துடைத்தார்கள், தட்டிக் காதை வைத்துக் கேட்டார்கள். கடைசியில் பெட்டியை மட்டும் பறித்துக்கொண்டு சாமான்களை விட்டார்கள். எல்லாவற்றையும் என் சூட்கேஸில் திணித்தேன். இடம் போதாமல் புடவைகளை எடுத்து வெளியே வைத்தேன். அப்படியும் குழவி மட்டும் அடங்காமல் கையில் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணிவிட்டாள் போல. முகமெல்லாம் சந்தோஷம், இரண்டு கையாலும் வா வா என்று அழைத்தாள். வரிசை நகர்ந்தது. என் பின்னால் நின்ற போலீஸ்காரர் தன்மையாகத்தான் கேட்டார்: “ஏம்மா, போறீகளா, இல்ல வீட்டுக்குத் திரும்புறீகளா?”

நான் குழவியை மார்போடு அணைத்தபடி, அக்கா பக்கம் முகமும் கவுண்டர் பக்கம் காலுமாக நின்றுகொண்டிருந்தேன்.