விரல்களைத் திறந்த குளிர்ச்சி

எழுபத்தொன்பதாம் வருடம், தை அறுவடையின்போது களத்தில் நின்றபடியே சாய்ந்துவிட்டேன். பக்கவாதம். உயிர் பிழைத்தேன். கால் மெல்லத் தேறியது. வலது கை மட்டும் முறுக்கிக்கொண்டது. விரல்கள் உள்ளே மடங்கி, நகம் குத்தி உள்ளங்கை புண்ணானது. யாராவது பிரிக்கப் பார்த்தால் தோள்வரை வலி பிடுங்கும். சூடான எண்ணெய், சுடுமணல் ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. கை இறுகியதே தவிர இளகவில்லை. மானாம்பதியில் எங்கள் தெரு அம்மனிடம், "இதை வெட்டியாவது எடுத்துக்கொள் தாயே" என்றுகூட அழுதேன். பாவி நான்.

ஆடியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயிற்சி கொடுக்கும் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "ஐஸ் தண்ணியில துண்டை நனைச்சு முன்கையில கொஞ்ச நேரம் சுத்துங்க. நரம்பு 'மடக்கு, மடக்கு'ன்னு ஓயாம கத்திக்கிட்டு இருக்கு. குளிர்ச்சி அதை அடக்கும். அப்ப விரலைப் பிரிங்க" என்றார்.

வாதக் கைக்கு ஐஸா! என் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். "ஜன்னி கண்டா இன்னா பண்ணுவே? அந்தம்மாவா வந்து பாத்துக்கும்?" எனக்கும் பயம்தான்.

அம்மனிடம் பூ கேட்டோம். நனைத்த பூவை அவள் இரண்டு தோளிலும் பூசாரி ஒட்டி வைத்தார். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கற்பூரப் புகையில் அவள் முகம் மிதந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஒரு பூவும் விழவில்லை. இவளும் கைவிட்டாளே என்று நொந்துபோனேன்.

அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டதென்று பூசாரி குடத்தைத் தூக்கினார். "இன்னாத்துக்குமா அழுவுற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "இவளுக்கே தெனம் ஜில்லுனு குடம் குடமா ஊத்திக்கினு கீறேன். ஊத்தாத நாள்லதான் எனக்கு பயம். நீ இன்னாத்துக்கு பயப்படுற?"

தண்ணீர் அவள் தலையிலிருந்து வழிந்தது. பூ இரண்டும் அதோடு போயின. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சைக்கிளில் உத்திரமேரூர் போய், கோணியில் உமி போட்டு ஐஸ் கட்டிக்கொண்டு வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். துண்டைச் சுற்றியதும் முதலில் நெருப்பாய்ச் சுட்டது. பிறகு கை எங்கோ போய்விட்டது. ஏரித் தண்ணீரில் மல்லாந்து கிடப்பது போல இருந்தது. வாசலில் மேயும் கோழியின் சத்தம்கூட அக்கரையிலிருந்து வந்தது. "தாயே, தாயே" என்றபடி கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது அவர் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தார். அது நீண்டிருந்தது. வலிக்கவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது. ஆறு மாதம் யாரும் பார்க்காத உள்ளங்கையைக் கழுவி, நகம் வெட்டிவிட்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் கை மறுபடி மடங்கிவிடும். மறுநாள் மறுபடி ஐஸ். இப்படி மூன்று வருடமாகிறது. அம்மனிடம் முழுக் கையைக் கேட்டேன், காலையில் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறாள். அதற்கே நான் என்ன செய்து தீர்ப்பேன்!

இதைப் படிக்கிற சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். நீங்கள் பயந்த ஒன்றிடமே அவள் கொடுத்தனுப்பினாலும் வேண்டாமென்று சொல்லாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் மகளுக்கு இரண்டு கையாலும் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். பின்னல் கோணலாகத்தான் வருகிறது. அவள் அவிழ்ப்பதில்லை.