கீழ்வீட்டில் முதலில் விழும் கோல்

என் பெரியப்பா வாழ்க்கையில் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டார். அது என் அப்பா.

பெரியம்மாவும் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். தாத்தா விட்டுப்போன வீட்டில் மாடி பெரியம்மாவுக்கு, கீழ்வீடு அம்மாவுக்கு. அதனால் சகலைகள் இருவரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு முப்பது வருஷம் வாழ்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒரு சரக்குக் கிடங்கின் எடைமேடையில் வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஆடுகிற எண் நிற்கும்வரை காத்திருந்து சீட்டு எழுதிக் கொடுப்பார். கூண்டுக்குள் ஒரு காற்றாடி, அதுவும் கோடையில் வெந்த காற்றைத்தான் வீசும். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சின்னக் கடைதான் என்றாலும் ஏசி உண்டு, சுற்றிலும் கண்ணாடி, வருகிறவர்கள் எல்லாம் "சார்" என்பார்கள். இந்த ஏசி பெரியப்பாவை உறுத்தியது. அப்பாவின் தலைமுடி உறுத்தியது, ஐம்பத்தைந்து வயதிலும் அது கொட்டவில்லை. அப்பா ஸ்கூட்டர் வாங்கினால் பதினைந்து நாளில் மாடிக்கும் ஒரு ஸ்கூட்டர் வந்துவிடும். அப்பா சுவருக்கு வெள்ளை அடித்தால், "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த வாரம் மாடிக்கும் அதையே அடிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கை ஓங்கியிருந்தது. அது டிவி.

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது முதல் இணைப்பு மாடிக்குத்தான். கால்பந்து காட்டும் சேனல் அத்தனையையும் வாங்கி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்றால் அப்பா, நான், எதிர்வீட்டுத் தையல்காரர், பக்கத்து அச்சகக்காரர் எல்லோரும் மாடியில் இருப்போம். பெரியப்பா மட்டும் நாற்காலியில், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நாங்கள் பாயில். எந்தச் சேனல் எந்த எண் என்பது அவர் கட்டைவிரலுக்கே தெரியும், குனிந்து பார்க்க மாட்டார். நடுவில் ஒரு தடவையாவது, "சகலை, சவுண்டு போதுமா?" என்று கேட்பார். அப்பா பாயிலிருந்து நிமிர்ந்து, "போதும்ணே" என்பார். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே அவர் ஆட்டம் பார்த்தாரோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பதினெட்டு வருஷம் இப்படி ஓடியது.

பிறகு அப்பா இன்டர்நெட் டிவி வாங்கினார். சுவரில் பாதியை அடைக்கிற அளவு. அதில் போட்டி ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தொடரை நினைத்த நேரத்தில் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அந்த ஞாயிறு அப்பாவே மாடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னைக்குக் கீழ பாக்கலாமா? புதுசு, எப்படி இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

பெரியப்பா வந்தார். கோல்கீப்பரின் கழுத்தில் வேர்வை வழிவதுகூடத் தெரிந்தது. தையல்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மட்டும், "கலரு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பாதி ஆட்டத்தில் தலைவலி என்று எழுந்து போனார்.

அதோடு கூட்டம் இடம் மாறியது. அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே தையல்காரரும் அச்சகக்காரரும் கீழே வந்தார்கள். அது கூடப் பரவாயில்லை. பெரியம்மாவும் தினம் சாயங்காலம் அம்மாவோடு தொடர் பார்க்க இறங்கி வந்தாள். நடுவில் நிறுத்திவைத்து டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஓடவிடலாம் என்பது அவளுக்குப் பெரிய அதிசயம். மாடியில் போய் அதையே நாலு தடவை சொல்லியிருக்கிறாள். பெரியப்பாவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வாரமே கேபிள்காரரை வரச்சொல்லி இணைப்பைக் கழற்றச் சொன்னார்.

"பதினெட்டு வருஷ லைன் அண்ணே. நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு. கழட்டு."

கேபிள்காரர் மொட்டைமாடியிலிருந்து ஒயரைச் சுருட்டி, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மறுநாள் அப்பா வாங்கிய அதே கம்பெனியின் இணைப்பும், அப்பாவுடையதைவிட ஒரு விரல் பெரிய டிவியும் மாடிக்கு வந்தன.

அங்கிருந்து தொடங்கியது அவர் பட்ட பாடு. வெளியூரில் இருக்கும் அண்ணன், அதாவது அவர் மகன், தன் போனிலிருந்து பதிவு செய்து கொடுத்திருந்தான். அதனால் உள்ளே நுழைவதற்கான ரகசிய எண் அவன் போனுக்குப் போகும். அவனுக்கு ராத்திரி வேலை, பகலில் தூக்கம். "தம்பி, நம்பர் வந்துச்சா பாரு" என்று பெரியப்பா எழுப்புவார். அவன் தூக்கக் கலக்கத்தில் சொல்லி, இவர் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி அடித்து முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடி போன். உள்ளே போனால், யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டு ஐந்து வட்ட மூஞ்சிகள் நிற்கும். "வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு, இதுக்கு என்ன விசாரணை?" என்பார். சேனலுக்கு எண் கிடையாது. ஆட்டம் எந்தப் படத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் முதல் பத்து நிமிஷம் போய்விடும். பதினெட்டு வருஷம் பழகிய கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. எல்லாம் சரியாக வந்தாலும் படம் திடீரென்று நின்று, நடுத்திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு கடைசியில் ஒரு பெண் வருவாள்.

"சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"அஞ்சு தடவை பண்ணியாச்சும்மா."

"இன்னொரு தடவை பண்ணிடுங்க சார்."

யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். ஆனால் மறுநாள், உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று அண்ணனின் போனுக்குச் செய்தி வரும். கேபிள்காரராக இருந்தால் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், ஏணியோடு வந்து நிற்பார்.

நான் ஒருநாள், "வந்து பாக்கட்டுமா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் கதவை முக்கால்வாசி மறித்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா ஓடுது" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பார். அவரைக் கொன்றது எங்கள் சத்தம். அவருடைய டிவி ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் கொஞ்சம் பின்தங்கும். இடைவேளைக்குள் எங்களைவிட முக்கால் நிமிஷம் பின்னால் இருக்கும். கீழே நாங்கள் "கோல்" என்று கத்துவோம். மேலே பந்து அப்போதுதான் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். எவன் அடிப்பான் என்று தெரியாது, அடிப்பார்கள் என்று தெரியும். முக்கால் நிமிஷம் உட்கார்ந்து, கீழ்வீடு ஏற்கெனவே அனுபவித்து முடித்ததை அவர் பார்க்கவேண்டும். "சகலை தின்ன தட்டுல எனக்குப் பரிமாறுற மாதிரி இருக்கு" என்று பெரியம்மாவிடம் சொன்னாராம்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்பா அன்றைக்கும் மாடிப்படியில் நின்று, "அண்ணே, வாங்களேன்" என்று கூப்பிட்டார். "இங்கயே தெளிவா வருது" என்று மேலிருந்து பதில். பெரியம்மாவும் மாடியிலேயே இருந்துவிட்டாள். கீழே ஏழெட்டுப் பேர். இருபதாவது நிமிஷத்தில் முதல் கோல். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினோம்.

இடைவேளை முடிந்து ஐந்து நிமிஷம் இருக்கும், எங்கள் திரை அப்படியே உறைந்தது. அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார், மோடத்தில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அம்மாதான், "மேல ஓடும்ல, வாங்க" என்றாள். எல்லோரும் படியேறினோம்.

நாங்கள் தட்டுவதற்குள் பெரியப்பா கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

ஹாலில் ஆறு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தது. பெரியம்மாவின் தையல் மெஷினுக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூல்கூட வந்திருந்தது. பெரியம்மா சமையலறை வாசலில் நின்று அந்த நாற்காலிகளைப் பார்த்தாள், அப்புறம் பெரியப்பாவைப் பார்த்தாள்.

பெரியப்பா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய களை. "சகலை, சவுண்டு போதுமா?" என்றார். "போதும்ணே." ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது பெனால்டி. ஆட்டக்காரன் பந்தை வைத்து, நாலு அடி பின்னால் நகர்ந்து, ஓடிவந்து காலைத் தூக்கினான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அறையே பெருமூச்சுவிட்டது. பெரியப்பா பட்டன்களை மாறி மாறி அமுக்கினார். அவர் காதுமடல் சிவந்துவிட்டது. அப்பா மெதுவாக எழுந்து, "அண்ணே, இப்படிக் குடுங்க" என்று ரிமோட்டை வாங்கி, படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்தார். படம் மங்கலாக ஆனாலும் கிளம்பிவிட்டது. கோல். "கண்ணாடிக்காரர் கைபட்டாத்தான் படமே தெரியுது" என்றார் அச்சகக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ரிமோட் கடைசிவரை அப்பா கையிலேயே இருந்தது.

அப்பா ராத்திரியே விடாமல் போன் செய்ததில், அதிசயமாக மறுநாள் காலையில் கம்பெனி ஆள் வந்தான். மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில்தான் இரண்டு வீட்டு ஒயரும் சேரும் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தான். 'கீழ்' என்று எழுதி ஒட்டிய ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், இது தானா வராது. கிளிப்பை அமுக்கி இழுத்தாத்தான் வரும்."

பெரியப்பா சாப்பாட்டுப் பையோடு நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மா.

"எலியா இருக்கும்" என்றார் அப்பா.

"எலிக்குக் கட்டைவிரல் கிடையாதே சார்."

"எங்க வீட்டு எலிக்கு இருக்கும். நீங்க மாட்டிட்டுப் போங்க தம்பி."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு எங்களைக் கடந்து வேலைக்குப் போனார்.

மூன்று நாள் கழித்து அவர் அப்பாவின் கடைக்கு வந்தார். அதற்கு முன் அந்தக் கடைக்குள் அவர் கால்வைத்து நான் பார்த்ததில்லை. நான் உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் ஒரு திரைதான். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எலி இல்ல சகலை."

"தெரியும்ணே."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காகச் சொல்லல. அக்கா பின்னாடி நின்னுட்டிருந்தாங்க." அப்பாவின் குரல் அவ்வளவு வறண்டு நான் கேட்டதில்லை. "கூப்பிட்டேன்ல? படியில நின்னு கூப்பிட்டேன்ல? வந்திருந்தா என்னண்ணே?"

பெரியப்பா கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குக் கடை இருக்கு. நாலு பேரு சார்ங்கறான். எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இருந்துச்சு."

ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார், பெரியப்பா எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு வெளியே போனார்.

அப்பா உடனே மன்னித்துவிட்டார் என்று சொன்னால் பொய். இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் செருப்பு மாட்டி முடிக்கும்வரை மற்றவர் உள்ளேயே நிற்பார். அக்கா தங்கை இருவரும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தொடர் பார்த்தார்கள். பெரியப்பா கேபிளையே திரும்ப வாங்கிவிடலாம் என்று போய்க் கேட்டார். "உங்க தெருவுல மிச்சம் இருந்ததே நாலு வீடுண்ணே. லைனையே எடுத்துட்டேன்" என்றார் கேபிள்காரர். வேறு வழியில்லாமல் ஒருநாள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்திருந்தது. பதிவை அவருடைய போன் எண்ணுக்கு மாற்றினேன். மோடத்திலிருந்து டிவிக்கு நேராக ஒயர் இழுத்துக் கொடுத்தேன். ஐந்து மூஞ்சியில் மூன்றை அழித்தேன். படம் நிற்காமல் ஓடியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே பேசினார்.

"அன்னைக்கு ஒயரை உருவுனப்ப சந்தோஷமா இருந்துச்சும்மா. பொய் சொல்லமாட்டேன். நீங்க எல்லாரும் படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு பாரு, அப்ப ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு."

"அப்பா மேல இன்னும் கோவமா பெரியப்பா?"

"உங்கப்பா என்ன பண்ணினாரு, கோவப்பட? ஒண்ணும் பண்ணலையே. அதான் எரியுது."

அடுத்த கால்பந்துப் பருவத்தின் மூன்றாவது ஞாயிறு, ஆட்டம் தொடங்கிய பிறகு, அவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே வந்தார். வாசலோரமாகப் போட்டு உட்கார்ந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார். நகர்ந்து இடம்விட்டார். பேச்சு ஆட்டத்தைப் பற்றி மட்டும், அதுவும் ஒரு சொல், இரு சொல். இடைவேளையில் அப்பா ரிமோட்டை நீட்டினார். "உங்க வீடு, நீங்களே வச்சுக்குங்க" என்றார் பெரியப்பா.

இப்போதும் வருகிறார். எல்லா ஞாயிறும் இல்லை. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தால் துணியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். போனதும் தன் டிவியைப் போட்டு, அன்றைக்கு விழுந்த கோல்களை மட்டும் தேடி எடுத்து, தனியாக இன்னொரு தடவை பார்க்கிறாராம். பெரியம்மா சொன்னாள்.