அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு

எங்கள் டிக்கெட் அறைக்கு வெளியே ஒரு பலகை உண்டு. "சுலபமான நடைபாதை. காடு, ஏரி, சிறு குன்று. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாம்." அதைப் படித்துவிட்டும் ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, "கஷ்டமா இருக்குமா மேடம்?" என்று கேட்பார்கள். "எழுதியிருக்கறதப் படிங்க" என்பேன். "புலி கிலி இருக்குமா?" என்பார்கள். "இருந்தா இந்த விலைக்கா டிக்கெட் குடுப்போம்?" என்பேன். என் வாய்க்குப் பயந்தே மேலதிகாரி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ஆனால் அந்தப் பாதையைச் சுலபமாக வைத்திருக்கிற ஆள் யார் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நாங்கள் அவரை மஞ்சக்கை என்போம். மரங்களில் மஞ்சள் பெயிண்டால் அம்பு போடுவது அவர் வேலை. நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் எந்த சோப்புக்கும் அசையாது. விழுந்த கிளையை வெட்டித் தள்ளுவது, மழை அரித்த இடத்தில் கல் பதிப்பது, வழுக்குகிற இறக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டுவது, எல்லாம் அவர்தான். ஒரு அம்புக்குப் பக்கத்தில் நின்றால் அடுத்த அம்பு கண்ணில் பட வேண்டும் என்பது அவர் கணக்கு. நடுவில் ஒரு இலை மறைத்தால் அந்த இலைக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. பாசியை ஈரத்துணியால் துடைத்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுப்பார். "மரத்துக்கு முகம் கழுவி விடுறீங்களாண்ணே?" என்று கேலி செய்தால், "பெயிண்ட் நிக்காதும்மா" என்பார். அத்தோடு அன்றைக்குப் பேச்சு தீர்ந்தது.

பாதை போகிற விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டிக்கெட் அறையில் தொடங்கும். முதலில் காடு, பிறகு ஏரிக்கரை, பிறகு குன்றின் மேல் ஏறி மறுபுறம் இறங்கினால் பஸ் நிறுத்தம். எல்லோரும் வேனிலோ காரிலோ எங்களிடம் வந்து இறங்கி, நடந்து முடித்து, அந்தப் பக்கம் போய்விடுவார்கள். பாதையின் நடுவில், ஏரிக்கரையில் ஒரு தகரக் கூரை வீடு. அதில்தான் மஞ்சக்கை தனியாக இருந்தார். போகிறவர்கள் எல்லாம் அவர் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். சிலர் அவரை நிறுத்தி போட்டோ எடுக்கச் சொல்வார்கள். அவர்களை நிற்கவைத்து இவர் எடுக்க வேண்டும்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்தவள் ஒரு அக்கா, நகரத்தில். அந்த அக்காவின் கணவர் இறந்தபோது ஏரிப்பக்கம் போனுக்கு சிக்னல் எடுக்காததால் இவருக்குச் செய்தி வரவில்லை. தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடனே ஓட வேண்டியதுதானே? மனிதர் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று ஒரு மாதம் தள்ளினார். பிறகு ஒரு மாதம் கழித்துப் போக எந்த முகம் என்று ஒரு வருஷம். இப்படியே பல வருஷம் ஆகிவிட்டது. தப்பு செய்தவனைக்கூடத் திருத்திவிடலாம், கூச்சப்படுகிறவனைத் திருத்தவே முடியாது.

அந்த அக்கா ஒருநாள் எங்கள் அறைக்குப் போன் செய்தார். நல்லவேளை, மஞ்சக்கை அன்று பெயிண்ட் டப்பா வாங்க வந்திருந்தார். மகன் தூரதேசத்தில் வேலை பார்க்கிறானாம், தன்னையும் கூட்டிக்கொண்டு போகிறானாம், புதன்கிழமை விமானமாம். அதற்கு முன்னால் தம்பியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாராம். மஞ்சக்கைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஞாயித்துக்கிழமை வாக்கா. பஸ்ல வந்து எறங்கு. மஞ்ச அம்பைப் பாத்துகிட்டே நட. சுலபமான வழிதான், சின்னப் பிள்ளைகூட வந்துரும்" என்றார்.

"நீங்க போய் பஸ்ஸ்டாப்ல நின்னு கூட்டிட்டு வரலாம்ல?" என்றேன்.

"எத்தன மணி பஸ்னு தெரியாதேம்மா. அதுக்குள்ள வேற வழியா வந்து வீட்டுல யாரும் இல்லன்னு பாத்தா என்ன நெனைப்பா? அம்பு இருக்குல்ல, வந்துருவா."

என்னிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிப்போனார். அவர் வீட்டில் அதுவரை ஒரு நாற்காலிதான் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று நடந்து போனவர்கள் சொன்னார்கள். அக்கா வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. "அவன்கிட்ட சொல்லிடுங்க" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "நான் வந்தேன். முட்டி வலியோட குன்றெல்லாம் ஏறி எறங்கினேன். மஞ்ச அம்பாம், மஞ்ச அம்பு! ஒரு மரத்துல ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. வழி பிரியற எடத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பதிலும் இல்ல. ஏதோ ஒரு வழியில நடந்து திரும்ப ரோட்டுக்கே வந்துட்டேன். சின்ன வயசுலயும் இப்படித்தான். கண்ணாமூச்சி ஆடுறப்போ என்னை ஒளிஞ்சுக்கச் சொல்லிட்டு, தேடாம வீட்டுக்குப் போயிடுவான். பொழுது சாயறவரைக்கும் நான் புதருக்குள்ளயே உக்காந்திருப்பேன். இப்பவும் அதே வேலையத்தான் காட்டிட்டான். என்னைப் பாக்கப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல?" நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! ஜன்னலைச் சாத்திவிட்டு, வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த, ஏரிவரைக்கும் நடந்தேன். வழியெல்லாம் அம்பு பளிச்சென்றுதான் இருந்தது. அந்த அம்மா பொய் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

மஞ்சக்கையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுந்து குன்றுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், அங்கே திரும்பி நின்று, வந்த வழியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மரங்கள் இருந்தன. மஞ்சள் இல்லை.

அம்புகள் எல்லாம் மரத்தின் மறுபக்கத்தில் இருந்தன. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கண்ணில் படும்படி போட்டவை. அந்தப் பக்கத்திலிருந்து யார் வரப்போகிறார்கள்? இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட எதிர்த்திசையில் வந்ததில்லை. இவர் தினமும் திரும்பி வருவார்தான். ஆனால் தன் வீட்டுக்குப் போகிறவன் மரத்தில் அம்பு தேடுவானா?

"ஐயோ" என்றார்.

திரும்பக் குன்று ஏறி இறங்கி, மூன்று வழி பிரிகிற இடத்துக்கு வந்தோம். ஒரு வழி பழைய கல்குவாரிக்கு, ஒரு வழி சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு, ஒரு வழி ஏரிக்கு. அங்கே, போகும்போது எங்கள் கண்ணில் படாத ஒரு கிளையில் துணிப்பை தொங்கியது. உள்ளே கையால் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். அந்த அம்மா அங்கே உட்கார்ந்துவிட்டு, அதை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்திலிருந்து நாலு எட்டு வைத்து, புதரை விலக்கினால் தகரக் கூரை தெரிகிறது.

"அண்ணே, இவ்வளவு பக்கத்துல நின்னு கத்தியிருக்காங்க. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அவர் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "கேட்டுச்சும்மா" என்றார். "ஒரு பொம்பளக் கொரல் கத்திகிட்டே இருந்துச்சு. இங்க வர்றவங்க எல்லாம் குன்றப் பாத்துக் கத்துவாங்கள்ல, திரும்பிக் கேக்குதான்னு. அந்தக் கூட்டம்னு நெனச்சேன். எங்க அக்கா வர்ற நாளாப் பாத்து ஊளையிடுதுங்களேன்னு திட்டினேன்."

அழுதுவிட்டேன். அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று உடனே சண்டைக்கு நின்றேன். "இப்பவே பஸ் ஏறுங்க. புதன்கிழமை விமானம். இன்னிக்குப் போனாப் பாத்துடலாம். கால்ல விழுங்க, கைய பிடிங்க, என்ன வேணா பண்ணுங்க, கெளம்புங்க."

"இத முடிச்சுட்டுப் போறேம்மா."

"எத?"

"இந்தப் பக்கத்து அம்பு. போட்டுட்டேன், இப்ப தெரியும், வந்து பாருக்கான்னு சொல்லணும்ல. வெறுங்கையோட போயி என்னத்தச் சொல்றது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "அவங்களுக்கு அம்பா வேணும்? ஆளு வேணும்ணே!" காதில் வாங்கவே இல்லை. அதற்குள் ஈரத்துணியை எடுத்து முதல் மரத்தின் பாசியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் காயவேண்டுமே. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சில பேருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். மனசு உடைந்தாலும் அந்த வேலையைத்தான் செய்வார்கள்.

நான் நகரத்துக்குப் போன் போட்டேன். அந்த மகன் எடுத்தான். அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது, இனி நடக்கவைக்க முடியாது, பேசவும் மாட்டேன் என்கிறாள் என்றான். அதையும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றவர், பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார்.

செவ்வாய் சாயங்காலம் கடைசி அம்பைப் போட்டு முடித்தார். புதன் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நகரத்துக்குப் போனார். போனபோது வீடு பூட்டியிருந்தது. மதியமே திரும்பி வந்து, என் ஜன்னலில் நின்று, "போயிட்டாங்கம்மா" என்றார். திட்ட வாயைத் திறந்தவள் திட்டாமல் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காட்டுக்குள் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம். ஒன்று, பஸ்ஸில் வருகிறவர்கள் சிலர் அம்பைப் பார்த்து அந்தப் பக்கமிருந்தும் நடக்க ஆரம்பித்தார்கள். ஏரிக்கு இறங்கியதும் அவர் வாசலில் போய் நிற்பார்கள், ஏனென்றால் புது அம்பு எல்லாம் அவர் வீட்டு வாசலோடு முடிந்துவிட்டது. டிக்கெட் அறைவரைக்கும் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "இங்க என்ன பாக்கணும்?" என்று கேட்பார்களாம். "ஒண்ணும் இல்லீங்க. உக்காருங்க" என்று என் நாற்காலியைக் காட்டுவாராம். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை.

இன்னொன்று, ஏரியில் யார் கத்தினாலும் எழுந்து போகிறார். கல்லூரிப் பிள்ளைகள் குன்றைப் பார்த்து விளையாட்டுக்குக் கூவுவார்கள். கையில் பிரஷ்ஷோடு ஒரு ஆள் மூச்சிரைக்க வந்து நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சும்மாத்தானே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். பைத்தியமா என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, போய் வேலையைப் பாருங்கள் என்கிறேன்.

குளிர் தொடங்கியபோது தூரதேசத்திலிருந்து போன் வந்தது. "அவன் இருக்கானா?" என்றார் அந்த அம்மா. "அரை மணி நேரங் கழிச்சுப் பண்ணுங்க, இழுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஏரி திரும்புகிற இடத்திலேயே நின்று கத்தினேன். சட்டென்று வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துபோனதைப் பார்த்தேன், நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். தோள் தொளதொளவென்று இருந்தது. அக்கா கடைசியாகப் பார்த்தபோது ஆள் நல்ல உடம்பாக இருந்திருப்பார் போலிருக்கிறது.

போன் அடித்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, அம்பு போட்டுட்டேன். அந்தப் பக்கத்துல இருந்து பாத்தாலும் இப்ப தெரியும்."

"அத விடு. நான் அன்னிக்குக் கத்தினது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

நான் கையை ஆட்டினேன். இல்லை என்று சொல்லுங்கள், ஒரு பொய்தானே, குடியா முழுகிவிடும்?

"கேட்டுச்சுக்கா" என்றார். "ஆனா நீன்னு தோணல. என்னைத் தேடிகிட்டு ஒருத்தர் வந்து கத்துவாங்கன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்வெட்டர் அளவு சரியா இருக்கா?"

"கொஞ்சம் பெருசு."

"சாப்பிடுறியா, இல்லையாடா நீ?" அப்புறம் இன்னொரு முறை மூக்கு. "அடுத்த வருஷம் இந்த முட்டி சொன்ன பேச்சு கேட்டா வர்றேன். அதுவரைக்கும் அங்கயே இரு. கண்ணாமூச்சியில பண்ணின மாதிரி வீட்டுக்குப் போயிடாத."

"இதான்க்கா வீடு. வேற எங்க போவேன்?" என்றார் மஞ்சக்கை.

பதில் வரவில்லை. லைன் எப்போதோ அறுந்துபோயிருந்தது. அவர் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டே நின்றார். ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான்தான் மெதுவாக அதை வாங்கி வைத்தேன்.

"கட் ஆயிடுச்சாம்மா?"

"ஆமாண்ணே."

"கடைசியா சொன்னது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்ணே" என்றேன்.