பச்சை ஜாடிக்குள் வைத்த விளக்கு

அப்பா இறந்த அன்று கூடத்தில் மின்விசிறி இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. விசிறி ஓடினால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் அலமாரியில் உள்ள கண்ணாடிச் சாமானெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஒருநாள் விழும் என்பது அவர் வாதம். ஜன்னலை மறித்துக்கொண்டு ஊரே நின்றது. குளிர்பெட்டிக்குள் அவர் மட்டும் சௌகரியமாக இருந்தார்.

"கண்ணாடிக்கு வேர்க்குமாடி மாலதி? எங்களுக்கு வேர்க்குது" என்றாள் என்னிடம் அமிர்தம் அத்தை, அப்பாவின் தங்கை. அழுகைக்கு நடுவில்தான் சொன்னாள்.

அப்பா பெயர் காயாரோகணம். குத்தாலத்தில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவர். அந்தக் கப்பல் அடிக்கடி சுவீடன் துறைமுகம் ஒன்றுக்குப் போகும். கூட வேலை செய்தவர்கள் டேப்ரிக்கார்டரும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். இவர் அங்கே பழைய சாமான் கடைகளில் கண்ணாடி வாங்கினார். ஐம்பது, அறுபதுகளில் அந்த நாட்டு உலைகளில் வாயால் ஊதிச் செய்தவை. உள்ளே குமிழி சிக்கிய கனத்த ஜாடிகள், புகை நிறக் கிண்ணங்கள். கூடவே கருப்பு இரும்பில் அடித்த மெழுகுவர்த்தித் தாங்கிகள். எல்லாம் லுங்கியில் சுற்றி வந்தன. அம்மாவுக்கு ஒரு புடவை வந்ததாக எனக்கு நினைவில்லை.

"குமிழி இருக்கே, மட்ட சரக்கா?" என்று கேட்டவர்களை அவர் மறுபடி வீட்டுக்குள் விட்டதில்லை.

இரும்பு இன்னும் பெரிய தொல்லை. ஒரு தாங்கிக்கு மூன்று கைகள், நடுக்கை உயரம். ஒவ்வொரு நுனியிலும் மெழுகுவர்த்தியைச் செருக ஒரு கூர்முள். அதை வாசல் பக்கச் சுவரில் மாட்டினார். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? எலுமிச்சம்பழம் குத்தினார்கள். ஆடி வெள்ளி என்றால் மூன்று முனையிலும் பழம். பால்காரர் பிரபு தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார்.

"யோவ், அது சூலம் இல்லய்யா! மெழுகுவர்த்தி ஸ்டாண்டு! எலுமிச்ச சாறு பட்டா இரும்ப அரிச்சுடும்யா!"

"சரிங்கண்ணே" என்பார் பிரபு, கன்னத்தில் போட்டுக்கொண்டே.

அப்பா பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முள்ளைத் துடைத்து எண்ணெய் போடுவார். அடுத்த வெள்ளி மறுபடி பழம்.

மாலை வெயில் ஜாடிகளுக்குள் புகுந்து வரவேண்டும் என்று மேற்கு ஜன்னலின் மரக்கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் போட்டார். கதவுகளைக் கரையான் தின்றது. ஜன்னலில் கம்பி மட்டும் மிச்சம். வெயில் வந்தது. கொசுவும் சாரலும் வந்தன. ஆடி மாத மேல்காற்றும் வந்தது.

அந்தக் காற்றுக் காலத்தில்தான் அவர் போனார். உடலை எடுத்த பிறகு, தலை இருந்த இடத்தில் அம்மா விளக்கு ஏற்றினாள். பதினாறாம் நாள் வரை அது அணையக் கூடாது, இடம் மாற்றவும் கூடாது. ஆனால் அணைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா, "மறுபடி போயிட்டாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டினேன். அது படபடத்து அலமாரியை உலுக்கியது. கழற்றினேன். அட்டை வைத்தேன். காற்று பிய்த்து எறிந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா சொன்னாள்: "அந்தப் பச்ச ஜாடிய எடு. வெளக்க உள்ள வச்சிரலாம்."

முழங்கால் உயரம், அகன்ற வாய். இருப்பதிலேயே அப்பாவுக்குப் பிடித்தது.

"வேண்டாம்மா. கண்ணாடி கனம். உள்பக்கம் சூடாகி விரியும், வெளிப்பக்கம் விரியாது. வெடிச்சிடும்."

"நீ பாய்லர் இன்ஜினியர்தானே? பாய்லருக்குச் சொல்லு."

"கல்லு மாதிரி கெடக்கு, அதுவா ஒடையும்?" என்றாள் அத்தை.

"அப்பாவுக்கு அதுதாம்மா உசுரு."

"அப்ப இந்த வெளக்கு?" என்றாள் அம்மா. "இத்தன வருசத்துல அந்த ஜாடிய தொடைக்கக்கூட என்ன விட்டதில்ல. இப்பவாவது அவருக்கு ஒதவட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். அடியில் மணல் பரப்பி, அகலை மெல்ல இறக்கினாள். சுடர் நேராக நின்றது. சுவரெங்கும் பச்சை வெளிச்சம். "பாத்தியா?" என்றாள் அத்தை. எனக்கு எரிச்சலாக வந்தது. காற்றை மட்டும் யோசிக்கிறார்கள், சூட்டை யோசிக்கவே இல்லை.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் காலை அம்மா திரியை அதிகமாகத் தூண்டிவிட்டாள். சுடர் சாய்ந்து ஜாடியின் ஒரு பக்கத்தைத் தொட்டது. டிக் என்று ஒரு சத்தம். வாயிலிருந்து அடிவரை விரிசல் ஓடி, ஜாடி இரண்டாகப் பிளந்து இருபுறமும் சாய்ந்தது. மணல் தரையில் சரிந்தது. அகல் மணல்மேலேயே உட்கார்ந்திருந்தது. அம்மா இரு கைகளாலும் சுடரைப் பொத்திக்கொண்டாள்.

"அணையலடி" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு கிண்ணத்தை நகர்த்தினாலே தெருவுக்குக் கேட்கும்படி ஒரு குரல் எழும். இப்போது கண்ணாடி உடைந்து கிடக்கிறது. காற்றுச் சத்தம் மட்டும்தான்.

அம்மா கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு இருந்தா கத்தியிருப்பாரு. நீயாவது கத்தேன்டி."

நான் ஜாடியின் ஒரு பாதியை நிமிர்த்தி, சுடரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று வரும் பக்கம் வைத்தேன்.