கறுப்பு வண்டிக்கு முதல் தண்ணீர்

என் வலதுகைப் பெருவிரலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெலுங்குச் சீமையில், பட்டான்செருவில் சொந்தமாகக் கிரைண்டிங் பட்டறை வைத்து, இரும்புத் தகட்டைக் கண்ணாடி போல ஆக்கிக் கொடுத்தே வீடு கட்டினேன். அளவுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் என் விரல் தகட்டின் மேல் ஒரு ஓட்டம் ஓடி, மேடு எங்கே பள்ளம் எங்கே என்று சொல்லிவிடும். அந்தப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட விரலைத்தான் போன வருஷம் என் மனைவி பாதி வழியில் பிடித்து நிறுத்தினாள்.

பட்டறையை மகனிடம் விட்ட பிறகு கார் வாங்கினோம். வெள்ளை வாங்கலாம் என்பது என் எண்ணம். இந்த ஊர் வெயிலுக்கு அதுதான் சரி. புடவை எடுக்கும்போதுகூட எனக்கு இந்த நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதவள், ஷோரூமில் ஒரு கறுப்பு வண்டியின் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அதில் தெரிந்த முகத்தைப் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். "இதாங்க" என்றாள். பேரம் பேசும் வேலை மட்டும்தான் எனக்கு மிச்சம். அதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை, அது வேறு கதை.

வண்டி வந்த மறுநாள் எதிர்வீட்டுக்காரரின் பழைய கறுப்பு வண்டி வெயிலில் நின்றது. இவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நம்ம வண்டி அது மாதிரி ஆச்சுன்னா நான் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். வித்துட்டு உங்க வெள்ளையவே வாங்கிக்குங்க."

ஒன்றைச் சொன்னால் மாற்றுகிறவள் இல்லை. என்னதான் அங்கே இருக்கிறது என்று நானும் போய்ப் பார்த்தேன்.

பானெட்டின் மேல் சூரியன் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. அந்தப் பொட்டைச் சுற்றிலும் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள், ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிற்று. தலையை இடதுபக்கம் நகர்த்தினேன். வலையும் கூடவே நகர்ந்தது. குந்தி உட்கார்ந்தேன், அதுவும் இறங்கி வந்தது. நிழலுக்குப் போனால் ஒன்றுமே இல்லை. ஆயுள் முழுக்கப் பளபளப்போடு குடும்பம் நடத்தியவன் நான், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்புறம்தான் பிடிபட்டது. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. வெயில்தான் தன்னைச் சுற்றி வளைந்து நிற்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறது. விரலை ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று போயிற்று. என் விரலுக்கே அகப்படாத கீறல் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காரணம் கண்முன்னாலேயே இருந்தது. தெருவில் வண்டி துடைக்க வருகிறவர் ஒரே துணியால் எல்லா வண்டியையும் காய்ந்த தூசியோடு சேர்த்து வட்டமாகத் தேய்ப்பார். எங்கள் பக்கத்துத் தூசி மாவுத் தூசி இல்லை. லாரி கிளப்பும் மண், கல் உடைக்கும் பொடி, புகைபோக்கி கக்குவது எல்லாம் கலந்தது. என் பட்டறையில் அதற்குச் சாணைப்பொடி என்று பெயர். அவர் அதே துணியோடு எங்கள் வாசலுக்கும் வந்தபோது, இவள் கேட்டிலிருந்தே, "நக்கோ பையா, நக்கோ" என்று தடுத்தாள்.

"கைக்கு?" என்றார் அவர். இந்த ஊர் இந்தியில் ஏன் என்று அர்த்தம். ஏன் என்று சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு இவள் உள்ளே போய்விட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் தூசி, சாணை, கீறல் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் வண்டியை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் சாப், சாவியை அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு வந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பீரோவில் வைக்க முடியாது. ஒரு வாரத்துத் தூசியில் இவள் முகம் கதவில் தெரியாமல் போயிருந்தது. எதைக்கொண்டுதான் கழுவுவது?

நெடுஞ்சாலையில் இயந்திரமே கார் கழுவுகிற இடத்துக்கு வண்டி இல்லாமல் போய் நின்று பார்த்தேன். பெரிய உருளைத் தூரிகைகள் சுற்றி வந்து சாத்துகின்றன. தூரிகை முடிகளில் முந்தின வண்டியின் செம்மண் ஒட்டியிருந்தது. திரும்பிவிட்டேன். நுரை அடித்துக் கழுவும் இன்னொரு இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரத்தைத் தேய்த்த பஞ்சாலேயே கதவையும் தேய்த்தார்கள். அங்கிருந்தும் கிளம்பினேன்.

நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் வேலை வாங்கியவன் இல்லை. பழைய இரும்புக் கடையில், ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் புதுசாக இருந்த கறுப்பு பானெட் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டேப் ஒட்டி மூன்று பாகமாகப் பிரித்து, மூன்றிலும் தெருத் தூசியைத் தூவினேன். முதல் பாகத்தைக் காய்ந்த துணியால் துடைத்தேன். அடுத்ததை ஒரே பக்கெட் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கித் துடைத்தேன். கடைசிப் பாகத்தில் மட்டும் முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, கார் ஷாம்பு நுரையில் நனைத்த மைக்ரோஃபைபர் கையுறையால், அழுத்தாமல், மேலிருந்து கீழாக நேராக இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கையுறையை இன்னொரு பக்கெட்டின் நல்ல தண்ணீரில் அலசினேன். அந்தப் பக்கெட்டின் அடியில் மணல் படிந்துகொண்டே வந்தது. அத்தனையும் வண்டி மேல் ஊர்ந்திருக்க வேண்டியது.

பானெட்டை வெயிலுக்குக் கொண்டுபோனேன். முதல் பாகத்தில் முழு வலை. இரண்டாவதில் இழை குறைந்த வலை. மூன்றாவதில் சூரியன் மட்டும், துணைக்கு ஒரு கோடுகூட இல்லாமல் தனியாக நின்றது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது பழைய தகரம். நம்ம வண்டில செஞ்சு காட்டுங்க" என்றாள்.

போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் குழாயில் மஞ்சீரா ஆற்றுத் தண்ணீர் வரும் காலைக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் வைத்துக் கழுவினேன். சக்கரங்களுக்குத் தனிப் பக்கெட், தனிப் பிரஷ். கடைசித் தண்ணீரை ஊற்றியதும் அது முத்து முத்தாகத் திரண்டு ஓடிற்று. மிச்சம் நின்றதைத் தடித்த துண்டைப் போட்டு ஒற்றியெடுத்தேன், தேய்க்கவில்லை. பிறகு வண்டியை வெயிலுக்கு நகர்த்தினேன்.

அந்தக் கறுப்பை எப்படிச் சொல்வது? அதற்குள் வானம் ஆழமாகக் கிடந்தது. ஒரு பருந்து பானெட்டின் அடியில் எங்கோ மெதுவாகச் சுற்றியது. சூரியனைச் சுற்றி எதுவும் இல்லை. என் கையால் எத்தனையோ தகடுகளைக் கண்ணாடியாக்கியிருக்கிறேன். இந்த ஆழம் ஒன்றில்கூட வந்ததில்லை. இதை நான் செய்யவில்லை, கெடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். என்னை அறியாமல் பெருவிரல் அதைத் தொட்டுப் பார்க்கப் போயிற்று.

இவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க."

"ஏம்மா, என் விரலு..."

"உங்க விரல்லயும் தூசி இருக்கும்."

யாரும் என் விரலை அப்படிச் சொன்னதில்லை. கையை மடக்கிக்கொண்டேன். அவள் கதவுக்கு முன்னால் குனிந்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, வெகுநேரம் வலையைத் தேடினாள். பிறகு பொட்டைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடியை மட்டும் பிடித்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். பருந்து அந்தக் கறுப்பைவிட்டு வெளியே போகும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, அப்புறம்தான் வண்டியை எடுத்தேன்.