கூடத்துப் பந்தும் வீட்டுப் பந்தும்

வீடியோ கேம் கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. மேலாளருக்கு மட்டும் ‘இந்தாம்மா’. காலையில் வந்ததும் தரையைத் துடைத்து, கழிப்பறையைக் கழுவி, பதினெட்டு இயந்திரங்களின் கண்ணாடியிலும் அப்பிக்கிடக்கும் விரல் தடங்களை ஈரத்துணியால் அழிப்பார். பிறகு ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். பொத்தான் சிக்கினால் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அதுவும் அவர் வேலையில் சேர்த்திதான்.

மூலையில் நின்ற பழைய பேஸ்பால் இயந்திரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வார். அதே ஆட்டம் அவர் வீட்டிலும் இருந்தது. பழைய சாமான் கடையில் மகள் வாங்கிய, டிவியில் மாட்டி ஆடும் கன்சோல். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து இரண்டு மாதம் காலை நீட்டிக் கிடந்தபோது அதுதான் துணை. பேஸ்பால் மைதானத்தை அக்கா நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த இரண்டு ஆட்டங்களின் குணமும் அவருக்கு அத்துப்படி.

கூடத்து ஆட்டத்தில் படம் அழகு. பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டை. வீட்டில் அதே கூட்டம் வெறும் புள்ளிகள். ஆனால் வீட்டில் ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸும் ஆடலாம். பந்து வீசுகிறவனுக்கு ஏழாவதிலேயே கை சோர்ந்துவிடும். கூடத்தில் அவன் சோர்வதே இல்லை. ஓர் இன்னிங்ஸ் முடிந்து நாம் பின்தங்கியிருந்தால் திரை இருண்டு மறுபடி காசு கேட்கும்.

“வீட்டு ஆட்டம் உக்காருன்னு சொல்லுதுடி. கூடத்து ஆட்டம் அடுத்த ஆளுக்கு எடத்த விடுன்னு சொல்லுது” என்பார் மகளிடம்.

வேகத்துக்கும் அவரிடம் ஓர் அளவு இருந்தது. வீட்டில் பந்து கிளம்பியதும் “வாடா, வாடா” என்று இரண்டு முறை சொல்லி மட்டையைச் சுழற்றினால் சரியாகப் படும். கூடத்தில் ஒரே ஒரு “வாடா”.

ஒரு மாதமாக அந்த அளவு தப்பியது. “வா” சொல்லி முடிப்பதற்குள் பந்து கடந்துவிட்டது. தினமும் வந்து ஆடும் மூக்குக்கண்ணாடிக்காரர் அடுத்தடுத்துத் தோற்றார். தோற்றவருக்குக் காரணம் வேண்டுமே! அந்தம்மா காலையில் தொடுகிற இயந்திரம் விளங்காது என்று ஆரம்பித்தார்; மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதே கை இத்தனை வருஷம் கழிப்பறையைக் கழுவியபோது ஒருவருக்கும் ராசி ஞாபகம் வரவில்லை.

“இந்தாம்மா, திங்கக்கெழமைலேருந்து நீ கீழ வண்டி நிறுத்துற எடத்துக்குப் போயிடு.”

“ஏன் சார்?”

“உன் கை பட்டா தோக்குதாம். வர்றவங்க சொல்றாங்க, நான் என்ன பண்ண?”

கீழே நாள் முழுக்க நின்றுகொண்டே, சரிவில் ஏறி இறங்க வேண்டும். அவருடைய முழங்கால் ஒரு வாரம் தாங்காது. வேலையை விட்டுப் போ என்பதை மேலாளர் சுற்றிவளைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அக்கா நேரே மெக்கானிக்கிடம் போனார்.

“தம்பி, கோச்சுக்காத. போன மாசம் அதத் தொறந்து தூசி தட்டுனியே, அன்னிலேருந்துதான் பந்து பறக்குது.”

“நல்லாருக்குக்கா! உங்க பழிய எந்தலைல எறக்கிட்டீங்களா?”

“பழி யார் தலைலயும் வேணாம். தொறந்து பாரு. அப்புறம் பேசு.”

முணுமுணுத்துக்கொண்டே பின்கதவைத் திறந்தான். பலகையில் அரிசி அரிசியாக எட்டு சுவிட்சுகள். ஆட்டம் எளிதா கடினமா என்பதை அவைதான் முடிவு செய்யும். நான்காவது மேலே ஏறியிருந்தது. தூசி தட்டிய தூரிகை தள்ளிவிட்டிருக்கிறது. அவன் முகம் சுண்டிப்போயிற்று.

சத்தமில்லாமல் அதை இறக்கிவிட்டு அவன் கதவை மூடியிருக்கலாம். ‘அந்தம்மா போனதும் ராசி திரும்பிடுச்சு’ என்று கூடமே மகிழ்ந்திருக்கும். அவன் கதவைத் திறந்தபடியே விட்டு மேலாளரை அழைத்து வந்தான். கண்ணாடிக்காரர் உட்பட ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்றார்கள்.

“சார், தப்பு என்னோடது. அக்கா கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“அப்ப எல்லாரும் சொன்னாங்களேப்பா?”

“எல்லாரும் சொன்னாங்க சார். ஒருத்தரும் தொறந்து பாக்கல.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சரி சரி, அவங்கவங்க வேலையப் பாருங்க.” அக்காவைக் கீழே அனுப்பும் பேச்சு அத்தோடு நின்றது; மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. மறுநாள் கண்ணாடிக்காரர் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் துணியோடு நின்றவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. நன்றி சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருந்தான். விடுமுறை நாள் மத்தியானம் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு போட்டு, மகளிடமிருந்து இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

கூடத்திலேயே பழகிய கை அவனுடையது. முதல் “வாடா”விலேயே மட்டையைச் சுழற்றிவிட்டான். பந்து நிதானமாக அவனைத் தாண்டிப் போயிற்று. மறுபடியும் அப்படியே. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அக்கா, இது என்ன மாட்டு வண்டி மாதிரி வருது!”

“அவசரப்படாத தம்பி. இங்க யாரும் உன்ன எழுப்ப மாட்டாங்க.”

நன்றிக்காகத் தோற்றுக் கொடுக்கும் பழக்கம் அக்காவுக்கு இல்லை. பதினொன்றுக்கு இரண்டு என்று வென்றார். ஆனால் ஒன்பது இன்னிங்ஸும் அவனுக்காக, பந்து கிளம்பும்போதெல்லாம், இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார்: “வாடா, வாடா.”