வெளிச்சம் புகுந்த சோப்பு டப்பா

பிள்ளைகளா, 'கிடார் வாசிங்க மாமா' என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறாரே, அதற்கு நான்தான் காரணம்.

அப்போது அரியலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். உங்கள் மாமா ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் கிடார் வாசித்தார். தந்தியை மெல்லத் தட்டினால் சத்தம் அமுங்கியும், ஓங்கித் தட்டினால் வாய் திறந்த மாதிரியும் கேட்க ஒரு கருவி வேண்டும் என்றார். வெள்ளை பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் நானே செய்துகொடுத்தேன். உள்ளே ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. அதற்கு எதிரே, வெளிச்சம் பட்டால் வேலை செய்கிற எல்.டி.ஆர். என்ற பாகம். தந்தியை எவ்வளவு ஓங்கித் தட்டுகிறோமோ அவ்வளவு பளிச்சென்று விளக்கு எரியும், அந்த அளவுக்குச் சத்தம் திறக்கும்.

கடையில் அருமையாக இருந்தது. திருமானூர் திருவிழாவில் வாசித்துவிட்டு மறுநாளே டப்பாவோடு வந்து நின்றார்.

"மச்சான், நான் ஒண்ணு வாசிச்சா இது வேற ஒண்ணு பாடுது. மேடையில ஏறுனாலே பேய் புடிச்சிடுது."

விளக்கை மாற்றினேன், எல்.டி.ஆரை மாற்றினேன், எல்லா ஈயப் பற்றவைப்பையும் திரும்ப வைத்தேன். கடை வாசலில் சிமெண்டு லாரிகள் ஓயாமல் போகும். புழுதிக்குப் பயந்து, திறந்து வைத்த எதன் மேலும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தித்தான் சோதிப்பேன். அன்றும் அப்படித்தான். கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"டப்பா நல்லாத்தான்யா இருக்கு. கூட்டத்தப் பாத்தா ஒனக்குத்தான் கை ஒதறுது."

"அப்ப ஒங்க கடையையும் தூக்கி மேடையில வச்சிடுங்க" என்று சிரித்தபடிதான் போனார்.

அடுத்த கச்சேரி திருமழபாடியில். நானும் போனேன். சீரியல் லைட் மின்னுகிற மேடை ஓரத்தில், அவர் காலடியில் டப்பா கிடந்தது. முதல் பாட்டிலேயே கிடார் அழுதது, இழுத்தது. ஜனம் சிரித்தது. குழு நடத்துகிறவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க செஞ்சதுதானே? டப்பா பழுதா, ஆள் பழுதாய்யா?"

உங்கள் மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பா நல்லா இருக்குங்க" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த கச்சேரிக்கு அவர் இடத்தில் கீபோர்டு வைத்துக்கொண்டார்கள். டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு, லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார் உங்கள் மாமா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு ஒரு நாள் கறுப்புத் துணி துவைக்கப் போயிருந்தது. சும்மா, மூடியிருந்த டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்து, ஸ்பீக்கரை மாட்டி, கிடாரில் செருகும் ஒயர் முனையில் விரல் வைத்தேன். உர்ரென்று சத்தம் வந்தது. வாசலில் லாரி கடந்து, அதன் நிழல் மேசையில் விழுந்ததும் சத்தம் அமுங்கியது. லாரி போனதும் திறந்தது. கையை மேலே பிடித்துப் பார்த்தேன். அதே கதை. வெள்ளை டப்பா வழியே வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மேடையில் அந்தக் கிடாரை வாசித்தது சீரியல் லைட்.

டப்பா முழுக்கக் கறுப்பு டேப் சுற்றி, நடு வெயிலில் வைத்து மறுபடி பார்த்தேன். சத்தம் ஆடவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், உங்கள் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில் ஆணியில் தொங்கிய கிடார் பையைத் திறந்து, டப்பாவை உள்ளே வைத்து, ஜிப்பைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்தேன்.